கத்தியில்லா வைத்தியம் என்று சொல்லி 48,000 ரூபாய் வாங்கினார்கள், கையையும் முடக்கினார்கள்

தோள் வலிக்கு “ஆபரேஷன் இல்லாமல் பதினைந்தே நாளில் ஜவ்வு வளரும்” என்று தட்டி வைத்திருக்கும் இடத்துக்குப் போகும் முன், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நான் வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. வயது 52. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. ஆனி மாதத்தில் பரண் மேலிருந்த அண்டாவை இறக்கும்போது வலது தோளில் சுருக்கென்றது. பத்து நாளில் கரும்பலகையின் மேல்வரியில் எழுத முடியவில்லை, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தலை பின்ன மகள் வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கையை மேலே தூக்க உதவும் சூப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் பட்டையில், பாதிக் கிழிசல் என்று வந்தது. கிழிசல் என்ற சொல்லைப் பார்த்ததும் அறுவை சிகிச்சைதான் என்று நானே முடிவுகட்டிப் பயந்துவிட்டேன். அந்தப் பயத்தோடுதான் காட்பாடிப் பக்கத்தில் இருந்த அந்த கிளினிக்கின் படியேறினேன்.

வெள்ளை அங்கி போட்டவர் என் தோளைத் தொட்டுப் பார்க்கவில்லை. கையைத் தூக்கச் சொல்லவும் இல்லை. “ஸ்டெம் செல் ஊசி மூன்று, ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் போட்டு அசைக்காமல் வைக்க வேண்டும், மொத்தம் 48,000 ரூபாய்” என்றார். சர்க்கரை இருப்பதை நானாகச் சொன்னேன். “இது இயற்கை முறை, மருந்தே கிடையாது மேடம்” என்றார். பணத்துக்கு வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்துதான் கிடைத்தது.

முதல் இரண்டு முறை என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தோளில் ஏற்றினார்கள். அது ரத்தத்தட்டுகள் செறிந்த பிளாஸ்மா, பி.ஆர்.பி. என்பார்கள். வேறு உயிரணுக்களாக வளரக்கூடிய மூல உயிரணுக்களான ஸ்டெம் செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பி.ஆர்.பி. தோளுக்குப் பலன் தருமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. ஸ்டெம் செல்லோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு முறையான பரிசோதனை ஆய்வில் மட்டுமே தரப்படலாம். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஊசி பால்போல வெளுத்திருந்தது. இரண்டே நாளில் வலி பறந்தது. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதே வாரம் தாகம் தாங்கவில்லை, இரவில் ஐந்து முறை எழுந்தேன். சர்க்கரை 346. மருந்தாளுநர் படிப்பு படிக்கும் என் மகள், ஊசி போட்டபோது மேசை மேலிருந்த குப்பியின் பெயரைக் குறித்து வைத்திருந்தாள்: ட்ரையம்சினலோன். வலியை அடக்கும், சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு!

ஸ்டீராய்டு ஊசியே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வலியைத் தணித்துப் பயிற்சி செய்ய வைப்பதற்காக நல்ல மருத்துவர்களும் போடுகிறார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போடுகிறார்கள், சர்க்கரையைக் கண்காணிக்கிறார்கள், நாண் பலவீனமாகும் என்பதால் அடிக்கடி போடுவதில்லை. மருந்தே இல்லை என்று சொல்லி ஒரு சர்க்கரை நோயாளியின் உடம்பில் அதை ஏற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தொட்டிலை அவிழ்த்தால், தோள் இறுகிப்போயிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் எளிதில் இறுகிவிடும். அப்படிப்பட்ட கையைத்தான் அசைக்காதே என்று கட்டிப்போட்டார்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். காட்பாடிக்குப் போன ஒவ்வொரு முறையும் என் பஸ் அதன் வாசலைத் தாண்டித்தான் போனது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அங்கே மருத்துவர் என் கையை எல்லாப் பக்கமும் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாதிக் கிழிசலுக்கு முதலில் மூன்று மாதமாவது பயிற்சிதான் அம்மா. பலனில்லை என்றால்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும்” என்றார். குனிந்து கையை ஊசல்போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, கம்பைப் பிடித்து நல்ல கையால் மற்றதைத் தூக்குவது, இறுக்கம் விட்ட பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது. செலவு பஸ் டிக்கெட் மட்டும். ஐந்தாவது மாதத்தில் மேல்வரியில் எழுதினேன்.

பயிற்சிக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு பெயிண்டரைச் சந்தித்தேன். சாரத்திலிருந்து விழுந்த அன்றே அவருக்குக் கை தூக்க வரவில்லை. அவரும் அதே கிளினிக்கில் ஐந்து மாதம் ஊசி போட்டிருக்கிறார். முழுவதும் அறுந்த நாண் உள்ளே சுருங்கி, தசை கொழுப்பாக மாறத் தொடங்கிவிட்டது, இனித் தைத்தாலும் பிடிப்பது கடினம் என்று சொல்லிவிட்டார்களாம். “டீச்சரம்மா, எனக்கு ஆபரேஷன்தான் தேவைப்பட்டிருக்கிறது” என்றார். விழுந்தவுடன் கை தூக்க முடியாமல் போனால் உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அப்போது நாட்களைக் கடத்தக் கூடாது.

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. எழுதிக் கேட்டேன், இதுவரை வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். பெயிண்டரும் நானும் வரும் திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகிறோம். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.