மழைக்கால பூல் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஐப்பசி பிறக்கும் முன்பே சென்னைக் கடலோரத்து நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் நீச்சல் குளப் பராமரிப்புக்காரர்களின் 'வின்டர் பேக்கேஜ்' விளம்பரம் வந்துவிடும். பெயர்தான் வின்டர். பனி கொட்டும் ஊர்களில் குழாய்க்குள் நிற்கும் நீர் உறைந்து 9 சதவீதம் பெருத்துக் குழாயைப் பிளக்கும். அதனால் நீரை இறக்கி, குழாயைக் காற்றால் ஊதி அடைக்கிறார்கள். சென்னையில் ஜனவரி விடியலும் 20 டிகிரியை ஒட்டித்தான். பாசிக்கு இங்கே விடுமுறையே கிடையாது. நாம் சமாளிக்க வேண்டியது வடகிழக்குப் பருவமழையை.

பேக்கேஜில் வழக்கமாக இருப்பவை: குளத்தைக் காலி செய்து கழுவுதல், ஃபில்டர் சர்வீஸ், ஷாக் குளோரின், தார்பாய் மூடி.

முதல் வேலையை வாங்கவே வேண்டாம். கடலோர மணலில் மழை பெய்ததும் நிலத்தடி நீர் மளமளவென்று ஏறும். 8-க்கு 4 மீட்டர், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் சுமார் 45,000 லிட்டர், அதாவது 45 டன் பாரம். அதை இறைத்துவிட்டால் கீழிருந்து வரும் நீரழுத்தம் தொட்டியையே தூக்கப் பார்க்கும். தரை விரிசல் விடும், டைல் பெயரும், குழாய் இணைப்பு முறியும். குளத்தின் அடி வடிகாலில் (மெயின் டிரெயின்) கீழிருந்து அழுத்தும் நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைத் தணிக்கும் ஹைட்ரோஸ்டாடிக் வால்வு இருந்தால் ஓரளவு காப்பாற்றும், அதிலும் மணல் அடைக்காமல் இருந்தால். காலி செய்யச் சொல்பவரிடம் அந்த வால்வு எங்கே என்று கேளுங்கள். விழித்தால் அனுப்பிவிடலாம்.

ஃபில்டர் சர்வீஸ் காசுக்குத் தகுந்த வேலை, ஒழுங்காகச் செய்தால். கேஜில் அழுத்தம் வழக்கத்தைவிட 0.5 பார் ஏறியதும் பேக்வாஷ், அதாவது நீரைத் தலைகீழாக ஓட்டி அழுக்கை வெளியேற்றுவது. கண்ணாடிக் குமிழில் நீர் தெளியும் வரை 2, 3 நிமிடம். பிறகு அரை நிமிடம் ரின்ஸ், அதாவது ஃபில்டரை அலசி அந்த நீரையும் வெளியே விடுவது. அதை விட்டுவிட்டால் கலங்கல் நேரே குளத்துக்கே திரும்பும். சர்வீஸ் ஆள் மல்டிபோர்ட் (நீரின் போக்கை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். பம்ப் ஓடும்போதே திருப்பினால் உள்ளே ஸ்பைடர் கேஸ்கெட் என்ற ரப்பர் அடைப்பு பிய்ந்துபோகும். அதன்பின் ஃபில்டர் நிலையிலேயே வேஸ்ட் குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். குளம்தான் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் டைலைப் பெயர்த்துக்கொண்டிருப்பார்.

ஷாக்குக்கு, அதாவது குளோரினை ஒரேயடியாக ஏற்றுவதற்கு, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சரியானது. 45,000 லிட்டருக்குக் குளோரினை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற 700 கிராம். பக்கெட் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்து, பொழுது சாய்ந்தபின் ஊற்ற வேண்டும். டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரையும் இதுவும் ஒரே மிதவையில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். சிலர் இலவசமாகத் தரும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்லும்தான். அளவு மீறினால் டைல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை.

பேக்கேஜில் இல்லாத ஒன்று ஆல்கலினிட்டி, அதாவது பிஎச் ஆடாமல் பிடித்து வைக்கும் நீரின் காரத்தன்மை. பருவம் முழுக்க 800 மி.மீ. பெய்தால் இந்தக் குளத்துக்குள் 25,600 லிட்டர் மழைநீர் விழும், குளத்தில் பாதிக்கும் மேல். பழைய நீர் வழிந்தோட, அதோடு குளோரினும் ஆல்கலினிட்டியும் போகும். பிஎச் நிலைகொள்ளாது, டைல் கிரவுட் அரிக்கும். வாரம் ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பார்த்து 80 முதல் 120 பிபிஎம்முக்குள் வையுங்கள். 10 பிபிஎம் ஏற்ற 750 கிராம் சமையல் சோடா உப்பு போதும். மளிகைக் கடைச் சரக்குக்குப் புது லேபிள் ஒட்டி விற்பதை வாங்காதீர்கள்.

தார்பாய் சென்னைக்கு உதவாது. நடுவில் தொங்கி மழைநீரைப் பிடித்து வைக்கும். டெங்கு கொசுவுக்கு அது போதும். இலை வலை போட்டு, பம்பைத் தினமும் 6 மணி நேரமாவது ஓட்டுங்கள்.

ஆக மோசமான விடுபடல் பம்ப் ரூம். தரைக்குக் கீழே குழியில் இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான். மோட்டாரைக் கான்கிரீட் மேடையில் ஏற்றுவது, ஃப்ளோட் ஸ்விட்சோடு சிறு சம்ப் பம்ப், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி: இந்த மூன்றையும் எழுதித் தருபவருக்குக் கூடுதலாகவே காசு கொடுக்கலாம். மூழ்கிய மோட்டாரை ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஸ்விட்ச் போடாதீர்கள், உள்ளிருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும். வைண்டிங் கடையில் உலர்த்தி, மின்கசிவு இருக்கிறதா என்று மெகர் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.