எஸ்.பி. ரோடு சந்தில் ஃபிளாப்பி டிரைவ் சர்வீஸ்: நம்பிக் கொடுக்கலாம்

பெங்களூரில் பழைய ஃபிளாப்பி டிரைவை (அந்தக் கால கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி டிஸ்க்கைப் படித்து எழுதும் கருவி) சுத்தம் செய்து, ஆயில் போட்டு, ஓடவைத்துத் தர ஆள் இருக்கிறாரா என்று தேடுபவர்களுக்கு: இருக்கிறார். எஸ்.பி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, பெயர்ப் பலகைகூட இல்லாத கடை. சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். கடைக்கார அண்ணன் தமிழ்க்காரர். பிரின்டர் சர்வீஸ்தான் அவர் பிழைப்பு, ஆனால் ஃபிளாப்பி டிரைவைப் பார்த்ததும் கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிடுகிறார்.

நான் கொண்டுபோனது டாண்டன் டிஎம்100-2. ஐந்தேகால் அங்குல டிஸ்க், அதில் 360 கே (கிலோபைட்) கொள்ளும், ஐபிஎம் பிசியோடு வந்த டிரைவ். டாண்டன் கம்பெனியை அமெரிக்காவில் தொடங்கிய ஜுகி டாண்டன் இந்தியாவில் பிறந்தவர், அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். இதற்கு முன்னால் வேறொரு கடையில் கொடுத்திருந்தேன், அங்கே துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சியடித்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஓடியது, அப்புறம் அந்த எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகி, டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் இடத்தைவிட்டு அசையவே இல்லை.

"கரன்ட் குடுத்துப் பாத்தீங்களா சார்? இனிமே குடுக்காதீங்க" என்பதுதான் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை. ஹெட் கையால் தள்ளினால் தடையில்லாமல் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் மோட்டாருக்கு வேலை. மேல் போர்டைக் கழற்றி, ஹெட் ஓடும் இரண்டு ரெயிலையும் நார் உதிராத துணியில் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தார். துணி பழுப்பாக வந்தது. மாற்றி மாற்றித் துடைத்து, துணியில் கறை ஒட்டுவது நிற்கும் வரைக்கும் விடவில்லை. மருந்துக் கடையில் விற்கும் 70 சதவீதத்தில் மிச்சமெல்லாம் தண்ணீர், 99 சதவீதமாகக் கேட்டு வாங்குங்கள் என்றார். பிறகு ஊசி முனையில் எடுத்த மெல்லிய எண்ணெய், ரெயிலுக்கு ஒரு சொட்டு. ஹெட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பரவவிட்டு, மிச்சத்தையும் துடைத்தே எடுத்துவிட்டார். ஹெட்டைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரிலிருந்து அதை இழுக்கும் எஃகுப் பட்டைக்கும், டிஸ்க்கைச் சுற்றும் மோட்டாரின் பெல்ட்டுக்கும் எண்ணெய் படவே கூடாது, பெல்ட் நழுவினால் வேகம் போய்விடும். மேல் ஹெட்டைத் துடைக்கும்போது அதன் கையை எவ்வளவு குறைவாகத் தூக்க முடியுமோ அவ்வளவுதான் தூக்கினார், அந்த மெல்லிய ஸ்பிரிங் வளைந்தால் டிரைவ் போச்சு.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேகம் பார்த்த விதம். டிரைவின் அடியில் இருக்கிற சக்கரத்தில் 50, 60 என்று இரண்டு வட்டமாகக் கோடுகள் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், டிரைவ் சரியாக நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் அந்த வெளிச்சத்தில் 50 வட்டத்தின் கோடுகள் அப்படியே நின்றதுபோல் தெரியும். இதற்காகவே எல்இடிக்கு மாறாமல் ஒரு சோக் ட்யூப்லைட்டை வைத்திருக்கிறார்! வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப, மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த கோடுகள் நின்றுபோனதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

டிஸ்க்குகளையும் கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் உறையின் ஜன்னல் வழியாக வெள்ளைப் பூஞ்சை தெரிந்தது, அதை டிரைவுக்குள் விடவே மாட்டேன் என்று தனியே வைத்துவிட்டார். சரியான பிடிவாதம்தான். பூஞ்சை ஹெட்டில் அப்பினால் அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும்.

குறைகளும் உண்டு. ஹெட் அலைன்மென்ட் (ஹெட்டை டிஸ்க்கின் தடங்களுக்கு நேராக நிறுத்துவது) செய்ய மாட்டார், அதற்கான தனி டிஸ்க் தன்னிடம் இல்லை என்று முன்பே சொல்லிவிடுகிறார், ஆகவே வேறு மெஷினில் எழுதிய டிஸ்க் படிக்கவில்லை என்றால் இங்கே தீர்வு கிடைக்காது. பில் தருவதில்லை. பிரின்டர் வேலை குவிந்திருந்தால் நம்முடையது பின்னால் போகும், போன் செய்து நினைவுபடுத்த வேண்டியிருக்கும். 1,500 ரூபாய் வாங்கினார், பெல்ட் மாற்றினால் தனி. செய்த வேலைக்கு அது அதிகமே இல்லை.

ஞாயிறு கடை கிடையாது. ஐந்தேகால் அங்குல டிஸ்க் அவரிடம் ஸ்டாக் இல்லை, சோதித்துப் பார்க்க நன்றாகப் படிக்கிற ஒன்றை நீங்களே எடுத்துப் போங்கள்.