பேட் ஆன்டிடாக்சின்: மருந்தில் குறையில்லை, நேரத்தில்தான் இருக்கிறது

கலிபோர்னியாவில் பிளாக் டார் என்ற கறுப்பு ஹெராயினைத் தோலுக்கடியில் ஏற்றிக்கொள்பவர்களின் காயத்தில், தசைகளைச் செயலிழக்க வைக்கும் போட்டுலிசம் நோயின் கிருமி வளர்ந்து நச்சைச் சுரக்கலாம். ஹெராயினைக் கரண்டியில் காய்ச்சினாலும் அந்தக் கிருமியின் வித்துகள் சாவதில்லை. இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், நாக்கு குழறும். ஓவர்டோஸ் என்று நினைத்து அதற்கான முறிமருந்து நலாக்சோன் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

இதற்கு அங்கே கொடுப்பது பேட் (BAT) என்ற நச்சுமுறி மருந்து. குதிரை ரத்தத்திலிருந்து தயாராகிறது. ஏ முதல் ஜி வரை ஏழு வகை நச்சையும் பிடிக்கும். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. ஆனால் ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும். நரம்பு முனைக்குள் போய்விட்டதைத் தொடாது. மருந்து ஏறிய பிறகும் இமை தொங்கிக்கொண்டுதான் இருக்கும், வெண்டிலேட்டர் வாரக்கணக்கில் ஓடலாம். அதை மருந்தின் தோல்வி என்று எழுதுவது நியாயமில்லை.

என் புகார் வேறு. இது ஆஸ்பத்திரி பார்மசியில் இருக்காது. மாநில சுகாதாரத் துறையை அழைத்து வரவழைக்க வேண்டும். லேப் முடிவு வர நாட்கள் ஆகும், அதற்காகக் காத்திருந்தால் போச்சு. சந்தேகம் வந்த உடனே போனை எடுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தச் சீரம் எடுத்து வைத்துவிடுங்கள்.

குப்பி உறைந்த நிலையில் வந்தால் ஃபிரிட்ஜில் இளக சுமார் 14 மணி நேரம். அவசரத்துக்கு, அறை வெப்பத்தில் 1 மணி நேரம் வைத்துவிட்டு 37 டிகிரி நீரில் வைக்கலாம். குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு குப்பி. உள்ளே 10 முதல் 22 மில்லி வரை எவ்வளவு இருந்தாலும் வீரியம் ஒன்றுதான். குறைகிறதே என்று இன்னொன்று கேட்க வேண்டாம். 20 மில்லி என்றால் 180 மில்லி நார்மல் சலைன் சேர்த்து, 15 மைக்ரான் ஃபில்டர் வழியாக, நிமிடத்துக்கு 0.5 மில்லியில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் அரை மணிக்கொரு முறை இரட்டித்து 2 மில்லியில் நிறுத்துங்கள். மொத்தம் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், குதிரைப் புரதம் அல்லவா.

யாரும் கவனிக்காத ஒன்று: இதில் மால்டோஸ் இருக்கிறது. சில குளுக்கோமீட்டர்கள் அதையும் சர்க்கரையாக எண்ணி உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டுவிடாதீர்கள், சர்க்கரையை லேபில் பாருங்கள்.

காயத்தைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் நச்சு ஊறிக்கொண்டே இருக்கும். ஆன்டிபயாடிக்கில் ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகை வேண்டாம், தசைத் தளர்ச்சியை அதிகமாக்கும்.

ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று, உறைபெட்டிக்காகக் கழித்தது.