ஆதரவாளர் பணமா, பரிசுப் பணமா?

களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத் திடலில் ஆடும் பிள்ளையின் வெளிநாட்டுப் போட்டிச் செலவுக்கு ஆதரவாளரை நாடுவதா, பரிசுப் பணத்தை நம்புவதா என்று யோசிக்கும் பெற்றோருக்கு முதல் வழியே பாதுகாப்பானது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அமெச்சூர் (தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்) தகுதி விதிகளின்படி, விமானச் சீட்டு, தங்குமிடம், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை ஒரு நிறுவனம் தாராளமாக ஏற்கலாம். பிள்ளை அதன் சின்னத்தைத் தொப்பியில் அணிந்து பணமும் பெறலாம்.

பரிசுக்கோ வரம்பு உண்டு. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கேற்ப அடி எண்ணிக்கையில் தரப்படும் சலுகை) கழிக்காத போட்டியில் 1000 அமெரிக்க டொலர் அல்லது 700 ஸ்டெர்லிங் பவுண் வரை ஏற்கலாம்; ஹேண்டிகேப் போட்டியில் காசாக எதையும் வாங்கக் கூடாது. வென்றதனால் அன்று, வரம்பு மீறிய பரிசைக் கையில் வாங்கியதனாலேயே தகுதி பறிபோகும் என்பதால், மேடையிலேயே அதனை மறுத்துவிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகக் கனவுள்ளவர்கள் அங்குள்ள விதிகளைத் தனியே விசாரிக்க வேண்டும்.