பேக்-மேனா, மிஸ் பேக்-மேனா?

பேக்-மேன் ஒரு வீடியோ கேம்: சுவர்களுக்கு இடையே வளைந்து போகும் பாதையில் ஒரு மஞ்சள் வட்டம், துரத்தும் நாலு பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்று தீர்க்க வேண்டும். அதற்கு முப்பது வயது ஆனபோது, 2010 மே மாதம், கூகுள் தன் முகப்புப் பக்கத்திலேயே அந்த ஆட்டத்தை வைத்தது. அன்று ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு ஆடியவர்கள் ஏராளம். காசு போடும் பட்டனை இன்னொரு முறை அழுத்தினால் ரிப்பன் கட்டிய மிஸ் பேக்-மேனும் ஆட வருவாள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. எனக்கு அவள் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் முதலில் பேக்-மேனுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி உருவாக்கியது அது. சுட்டுத் தள்ளும் ஆட்டங்களாக நிறைந்திருந்த ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடங்களுக்கு, பெண்களும் ஜோடிகளும் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். சுடுவதற்குப் பட்டன் கிடையாது. நாலு திசைக்கும் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்.

ஆட்டத்தின் உயிர் பேய்களில் இருக்கிறது. சிவப்பு பிளிங்க்கி நேராகத் துரத்தும். பிங்க்கி நீங்கள் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைத்து மறிக்கப் பார்க்கும். இங்க்கி, பிளிங்க்கி நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு கிளைட் ஒரு கோழை: விரட்டிக்கொண்டு வரும், எட்டுக் கட்டம் அளவுக்கு நெருங்கியதும் தன் மூலையைப் பார்த்து நடையைக் கட்டும். இசட்-80 என்ற ஒரு சின்னக் கணினிச் சிப்பை வைத்துக்கொண்டு நாலு பேருக்கு நாலு குணம்! புள்ளியைத் தின்னும்போது பேக்-மேனின் வேகம் ஒரு துளி குறையும், பின்னால் வரும் பேய் அந்த இடைவெளியில் நெருங்கும். திருப்பத்துக்குச் சற்று முன்பே ஸ்டிக்கைத் தள்ளினால் மூலையை வெட்டித் திரும்பி அதை ஈடுகட்டலாம். பேய்களுக்கு அந்த வித்தை வராது.

சரி, குறை என்ன? கடைசிவரை ஒரே பாதை. அதைவிட, நீங்கள் அச்சுப் பிசகாமல் அதே அசைவுகளைச் செய்தால் பேய்களும் அச்சுப் பிசகாமல் அதையே செய்யும். தேர்ந்தவர்கள் வழித்தடத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். 21-ஆம் லெவலுக்கு மேல் கடினம் கூடுவதும் இல்லை. பழகிய கை 256-ஆம் லெவல்வரை போகும். அங்கே லெவலை எண்ணும் கணக்கு தன் எல்லையைத் தாண்டிவிடுவதால், திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாகிவிடும்.

மிஸ் பேக்-மேன் பிறந்த கதை குறுக்கு வழியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு கூட்டம், பேக்-மேன் இயந்திரத்தின் சர்க்யூட் போர்டில் செருகிக்கொள்ள ஒரு கூடுதல் போர்டைச் செய்தது. பெயர் ‘கிரேஸி ஓட்டோ’; நாயகனுக்குக் கால் முளைத்திருந்தது. அமெரிக்காவில் பேக்-மேனை விற்றுவந்த மிட்வே அதை வாங்கி, கால்களை எடுத்துவிட்டு ரிப்பன் கட்டி 1982-இல் வெளியிட்டது.

மனப்பாடக் கலையை முறித்தது இந்த ஆட்டம்தான். பாதைகள் நாலு, அவற்றில் மூன்றில், திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளிவரும் சுரங்க வழிகள் இரண்டிரண்டு. ஒவ்வொரு லெவல் தொடக்கத்திலும் சில நொடிகள் பிளிங்க்கியும் பிங்க்கியும் தற்செயலாகத் திரியும். போன ஆட்டத்து வழித்தடம் இந்த ஆட்டத்தில் கைகொடுக்காது. கூடுதல் மதிப்பெண் தரும் பழம் ஒரே இடத்தில் உட்கார்ந்திராமல் பாதைக்குள் உலாவும். அதை நம்பிப் பின்னால் போய் இரண்டு பேய்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வது தனி அனுபவம்.

புதிதாக வருபவருக்குப் பேக்-மேனைத்தான் கொடுப்பேன். நாலு பேய்களின் குணத்தையும் அங்கேதான் சுத்தமாகப் படிக்க முடியும். பல வருடம் கழித்துத் திரும்ப வருபவருக்கு அது சீக்கிரமே சலித்துவிடும், அவருக்கு மிஸ் பேக்-மேன்தான் சரி.

ஆனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் முதலாவதுதான். 2022-இல் வந்த ‘பேக்-மேன் மியூசியம் ப்ளஸ்’ தொகுப்பில் அவள் இல்லை. உரிமைச் சிக்கல். அதே ஆண்டு மறுவெளியீடு கண்ட பழைய ‘பேக்-லேண்ட்’ ஆட்டத்தில் அவளை எடுத்துவிட்டு, தொப்பியும் உடையும் மாற்றிய ‘பேக்-மாம்’ என்ற ஒருத்தியை நுழைத்தார்கள். பழைய ஆட்டங்களை அப்படியே தருவதாகச் சொல்லி விற்கும் மறுவெளியீட்டு வரிசையில் இப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.