பக்கத்தை எண்ணுவதா, மையை அளப்பதா? ஜெராக்ஸ் கடைக்கும் கல்லூரி லேபுக்கும் எந்த மென்பொருள்

மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் பீளமேடு, தடாகம் சாலை, பெருந்துறை என்று கல்லூரிகளை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட்தான் முழுநேர வேலை. "ஏனுங்ண்ணா, எண்பது பக்கம், மூணு காப்பி, எவ்வளவுங்க ஆகும்?" என்று பையன் கேட்டால் கடைக்காரர் பக்கத்தைப் பெருக்கித் தொகையைச் சொல்லிவிடுகிறார். அந்த எண்பதில் எத்தனை பக்கம் முழுக்க ஸ்கிரீன்ஷாட், எத்தனை பக்கத்தில் கல்லூரி முத்திரை பின்னணியில் மங்கலாக விரிந்து கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நம்ம ஊர் பால் சொசைட்டியில் லிட்டரை மட்டும் பார்த்தா காசு போடுகிறார்கள்? கொழுப்பையும் அளக்கிறார்கள். பிரிண்டில் பக்கம்தான் லிட்டர், மைதான் கொழுப்பு.

இன்னும் பல கடைகளில் ஓடும் ஹெச்பி லேசர்ஜெட் 1020-இன் 12ஏ கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்படும் அளவு 2,000 பக்கம். கேனான் எல்பிபி 2900-இன் 303 கார்ட்ரிட்ஜுக்கும் அதே 2,000தான். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீதப் பரப்பில் டோனர், அதாவது லேசர் பிரிண்டரின் மைத்தூள், விழும் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பக்கத்துக்கு 15 சதவீதம் விழுந்தால் 2,000 என்பது 670-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் போடும் கடைக்கு நஷ்டம் இங்கேதான்.

பக்கம் எண்ணுவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அது பெரும்பாலும் தீர்ந்துபோன விஷயம். விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட் சர்வீஸின் ஆபரேஷனல் பதிவை இயக்கிவிட்டால், ஒவ்வொரு பிரிண்டுக்கும் 307 என்ற எண்ணில் ஒரு வரி விழும். ஆனால் அந்த வரியில் காப்பி எண்ணிக்கை வராது. எண்பது பக்கத்தை மூன்று காப்பி போட்டாலும் எண்பது என்றே காட்டும். காப்பி எத்தனை என்று தெரிய 805 என்ற வரியைத் தேடிப் பொருத்த வேண்டும். தினமும் கடை சாத்தும்போது இதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. பேப்பர்கட் நிறுவனம் இலவசமாகத் தரும் பிரிண்ட் லாகர் நேரம், பக்கம், காப்பி, பிரிண்டர், ஃபைல் பெயர் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு எக்செலில் திறக்கிற மாதிரி தந்துவிடுகிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒன்றிரண்டு பிரிண்டர் உள்ள கடைக்கு அதுவே போதும்.

கல்லூரி லேபுக்கு அது போதாது. மாணவருக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு வைக்கணும், பேக் டு பேக் போட்டால் சலுகை தரணும், கலர் பக்கத்தைத் தனியாகப் பிரிக்கணும். அதற்குக் காசு கொடுத்து வாங்கும் பேப்பர்கட் என்ஜி சரியான ஆள். லேப் லினக்ஸில் ஓடினால் அங்கே பிரிண்ட் வேலையை நடத்தும் கப்ஸ் தானே பக்கப் பதிவு எழுதும். ஆனால் இப்போதைய பதிப்புகளில் அது இயல்பாக அணைந்திருக்கும், அமைப்புக் கோப்பில் பேஜ்லாக்ஃபார்மேட் வரியைச் சேர்த்தால்தான் எழுத ஆரம்பிக்கும். எதை வைத்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இவையெல்லாம் பிரிண்டருக்கு அனுப்பியதைத்தான் எண்ணுகின்றன. பேப்பர் சிக்கி நின்றுபோனது இவற்றுக்குச் சரியாகத் தெரியாது. மாதம் ஒருமுறை பிரிண்டரின் சொந்த கவுண்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இனி மை. இங்கே நான் முதலில் கைகாட்டுவது கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை, கமாண்ட் எழுதி ஓட்டுகிற மென்பொருள் அது. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பிடிஎஃப்-ஐக் கொடுத்தால் பக்கவாரியாக சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கின் அளவையும் சொல்லும். எத்தனை வரி வருகிறதோ அத்தனை பக்கம், ஆக பக்கக் கணக்கும் கூடவே கிடைத்துவிடும். ஆனால் அதற்குள் பெயரில் ஒரு அடிக்கோடு மட்டும் வித்தியாசமாக இரண்டு கருவிகள் இருக்கின்றன: இங்க்கவ், இங்க்_கவ். எதை எடுக்கிறோம் என்பதில் கணக்கே தலைகீழாக மாறும்.

அடிக்கோடு இல்லாத இங்க்கவ், ஒரு புள்ளியில் அந்த நிறம் துளி இருந்தாலும் அதை முழுப் புள்ளியாக எண்ணும். அடிக்கோடு உள்ள இங்க்_கவ் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்துக் கூட்டும். பக்கம் முழுக்க 10 சதவீத சாம்பல் நிறத்தில் பின்னணி போட்ட ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே எழுத்து எதுவும் வேண்டாம். இங்க்கவ் கறுப்புக்கு 1.00000 என்று காட்டும், அதாவது பக்கம் முழுக்க மை. இங்க்_கவ் 10 சதவீதத்தை ஒட்டிச் சொல்லும். அதே தாளுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். முத்திரையைப் பின்னணியில் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு முதலாவதை வைத்து ரேட் சொன்னால் பையன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், அவன் போவதும் நியாயம்தான். ரேட் போட இங்க்_கவ்தான் வேண்டும். 'இந்தப் பக்கத்தில் கலர் இருக்கா இல்லையா' என்று மட்டும் பிரிக்க இங்க்கவ் போதும்.

பிரிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில பக்கங்களில் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் ஒரே எண்ணாக வந்து நிற்கும். மென்பொருளுக்கு அது கலர் பக்கம். கண்ணுக்கு அது வெறும் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கலாம், ஏனென்றால் மூன்று நிறமும் ஒவ்வொரு புள்ளியிலும் சமமாகக் கலந்தால் அப்படித்தான் தெரியும். மூன்றும் சமமாக வரும் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கறுப்பு பிரிண்டருக்கே அனுப்பச் சொல்வேன். வாடிக்கையாளருக்கும் காசு மிச்சம், நமக்கும் கலர் மிச்சம்.

பீகேபீஜிகவுண்டர் என்றொரு கருவியும் உண்டு. ஜெரோம் அலே எழுதிய இலவசக் கருவி. பக்கம் எண்ணுவது, மை அளப்பது இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்றே எழுதப்பட்டது. பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் மட்டுமல்ல, பிசிஎல் போல பிரிண்டருக்கே போகும் வடிவங்களையும் படித்து எண்ணும். லேசர்ஜெட் 1020-க்குப் போகும் இஸட்ஜே ஸ்ட்ரீம் வடிவமும் அதில் அடக்கம். மை அளவு மட்டும் எல்லா வடிவத்துக்கும் கிடைக்காது. வடிவமைப்பில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கறுப்பு வெள்ளையா, சாம்பலா, நான்கு நிறமா என்று நாமே சொல்லி அளக்கலாம். சிக்கல் என்னவென்றால் அது பைத்தான் 2 என்ற பழைய நிரல்மொழிப் பதிப்பின் காலத்துக் கருவி, பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கும் லேபுக்குச் சொல்லலாம், கடைக்குச் சொல்ல மாட்டேன். கமாண்டே வேண்டாம், விண்டோஸில் கிளிக் செய்தால் போதும் என்பவர்களுக்கு ஏபிஃபில் இருக்கிறது. ஃபைலைத் திறந்தால் நிறவாரியாகச் சதவீதம் காட்டும், ஆனால் விலைக்கு வாங்க வேண்டியது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் கமாண்டை ஒருமுறை எழுதி, கிளிக் செய்தால் ஓடும் பேட்ச் ஃபைலாக டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ள ஆள் கிடைத்தால் அந்தச் செலவு தேவையில்லை.

ஈரோட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் சிலர் அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டின் அவுட்புட் ப்ரிவ்யூவைக் காட்டி 'இதிலேயே மை அளவு வருதே' என்பார்கள். அது வேறு. ஒரு புள்ளியில் நான்கு மையும் சேர்ந்து எவ்வளவு ஏறுகிறது, காயுமா, ஒட்டுமா என்று பார்க்கத்தான் அது. பக்கத்துக்கு எவ்வளவு மை செலவு என்று அது சொல்லாது. தங்க நிறத்தைத் தனி மையாக வைத்த டிசைனை கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் இந்த இரண்டு கருவிகளும் நான்கு நிறமாக உடைத்தே கணக்குக் காட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. இவை சொல்வது பரப்பின் சதவீதத்தை, கிராமையோ மில்லியையோ அல்ல. ஏ3 தாளில் 5 சதவீதம் என்றால் ஏ4-இல் 10 சதவீதத்துக்குச் சமமான மை. டோனர் அடர்த்தியைக் கூட்டி வைத்திருந்தால் அதுவும் மென்பொருளுக்குத் தெரியாது. எப்சன் மாதிரி டேங்க் பிரிண்டரில் ஹெட் கிளீனிங் போடும்போது கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குப் போகும் மை எந்த ஃபைலிலும் இல்லை. அதனால் சதவீதத்தை ரூபாயாக்கும் எண்ணை உங்கள் பிரிண்டரிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜ் தீரும்வரை போட்ட ஃபைல்களின் சதவீதத்தைக் காப்பியோடு பெருக்கிக் கூட்டி, ரீஃபில் செலவை அதால் வகுத்தால் ஒரு சதவீதத்துக்கு எத்தனை பைசா என்று வந்துவிடும். அதை வைத்து 5 வரை ஒரு ரேட், 15 வரை ஒரு ரேட், அதற்கு மேல் ஒரு ரேட் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவருக்கும் புரியும்.

திருப்பூரில் டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் பிரிண்ட், போடுகிறவர்கள் மட்டும் மேலே சொன்ன எதையும் நம்பி பனியனுக்கு ரேட் பேசிவிட வேண்டாம். அங்கே கலருக்கு அடியில் போகும் வெள்ளை மை பொதுவாக டிசைன் ஃபைலில் இருப்பதில்லை, டிசைனை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் ரிப் மென்பொருள்தான் அதைப் போடுகிறது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் வெள்ளை இடத்தைச் சுழியம் என்று எண்ணும். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து மட்டும் உள்ள டிசைனுக்கு நான்கு நிறமும் சுழியமாகவே வரும், ஆனால் மெஷினில் வெள்ளை பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். ரிப்பிலேயே மை மதிப்பீடு காட்டும் வசதி இருக்கிறதா, வெள்ளையைத் தனியாகக் காட்டுகிறதா என்று வாங்கும் முன்பே விற்பவரிடம் ஒரு டிசைனைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.