சென்னை பி.காம். மதிப்பெண்ணோடு அமெரிக்க சட்டக் கல்லூரிக்கு: சிஏஎஸ் சேவை எப்படி?

அமெரிக்காவில் ஜேடி என்ற சட்டப் பட்டம் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள், சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்எஸ்ஏசி அமைப்பு நடத்தும் சிஏஎஸ் என்ற ஆவணத் தொகுப்புச் சேவையைத் தவிர்ப்பது கடினம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான பார் அசோசியேஷனின் அங்கீகாரம் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவை அதைத்தான் கேட்கின்றன. மதிப்பெண் பட்டியல், சிபாரிசுக் கடிதங்கள், எல்சாட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் எல்லாம் அங்கே சேர்ந்து, ஒரே அறிக்கையாகக் கல்லூரிகளுக்குப் போகும்.

நான் சென்னையில் பி.காம். முடித்தவள். 66 சதவீதம், முதல் வகுப்பு. அந்தக் காலத்தில் அது வீட்டில் இனிப்பு வாங்கிய மதிப்பெண். இங்கே அமெரிக்காவில் பல கல்லூரிகளில் 66 என்றால் டி கிரேடு! அதை அப்படியே ஜிபிஏ என்ற சராசரி கிரேடு புள்ளியாக மாற்றிவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம்.

மாற்றவில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் ஜிபிஏ கணக்கு. வெளிநாட்டுப் பட்டத்தை ஆக்ரோ என்ற அமெரிக்கக் கல்வி அமைப்பின் மதிப்பீட்டாளர்கள் அந்தந்த நாட்டு முறையை வைத்துப் பார்த்து, மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற நான்கில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். எனக்குச் ‘சராசரிக்கு மேல்’. நம் ஊரில் பேப்பர் திருத்துகிற கண்டிப்பு தெரிந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று மனம் நிறைந்தது. இதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

கஷ்டமெல்லாம் நம் ஊர்ப் பக்கத்தில்தான். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகப் போக வேண்டும், நம் கையிலிருக்கும் ஒரிஜினல் செல்லாது. தம்பி கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைந்தான். உறையின் மடிப்பில் முத்திரை குத்தித் தரச் சொன்னால், “அதெல்லாம் வழக்கமில்லை சார்” என்று திருப்பி அனுப்பினார்கள். எல்எஸ்ஏசியின் கோரிக்கைப் படிவத்தை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. அந்தப் படிவமும் உறையோடு போக வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

சிபாரிசுக் கடிதம் சுலபம். எழுதுபவர் ஒருமுறை ஏற்றினால் போதும், எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்கு என்று நாமே பிரித்துவிடலாம். என் பழைய மேனேஜரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு நிற்கத் தேவையில்லாமல் போனது.

விலைதான் உறுத்துகிறது. பதிவுக்கு 200 டாலருக்கு மேல், அப்புறம் ஒவ்வொரு கல்லூரிக்கும் அறிக்கை அனுப்ப 45 டாலர். பத்துக் கல்லூரி என்றால் அதுவே 450. கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணம் வேறு. ஒரே ஃபைலை மின்வழியில் அனுப்ப இவ்வளவு கேட்பது நியாயமாகத் தெரியவில்லை. வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக்கு முதலிலேயே விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால் எல்சாட், பதிவு, சில அறிக்கைகள் எல்லாமே அடங்கிவிடும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். இந்தியாவிலிருந்து பட்டியல் வரவேண்டியவர்கள் கோடையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பல கல்லூரிகள் செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, வர வர இடத்தை நிரப்பிக்கொண்டே போகின்றன.